பி.டி. சார் பதில்கள்: மூக்கை மூடிக்கொண்டு ஓடலாமா?

போன இதழில் முழங்கால் வலி பற்றி எழுதியிருந்தேன். எந்தத் தைலம் நல்லது என்று கேட்டு இந்த மாதம் ஒரு கட்டுக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது எல்லாம் மாஸ்க் பற்றி. மழை தொடங்கியதும் நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு காய்ச்சல், தெருவுக்கு நாலு இருமல். அலமாரியில் கிடந்த மாஸ்க் எல்லாம் மறுபடி காதில் ஏறிவிட்டது. மைதானத்துக்கு வருகிற பிள்ளைகளும் அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று முழிக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க மாஸ்க்தான். முன்கூட்டியே ஒன்று: நான் முப்பது வருடத்துக்கு மேல் விசில் ஊதியவன், டாக்டர் இல்லை. ஓட்டம், மூச்சு, வியர்வை, இவ்வளவுதான் என்னிடம் உள்ள சரக்கு.

காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறேன். விடியற்காலையில் அழகியமண்டபம் போகும் சாலையில்தான் ஓட்டம். டாரஸ் லாரிகள் கிளப்பும் தூசிக்குப் பயந்து, அம்மா தைத்துத் தந்த துணி மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். மாஸ்க் இல்லாமல் 1,500 மீட்டரை 6 நிமிடம் 50 விநாடியில் முடித்தவன் நான். இப்போது 7 நிமிடம் 20 விநாடி ஆகிறது. உடம்பு கெட்டுவிட்டதா, மாஸ்க்தான் காரணமா?
*இளைஞர், தக்கலை*

உடம்பு கெடவில்லை தம்பி. அந்த 30 விநாடியைத் தின்றது அம்மா தைத்த துணியாகத்தான் இருக்கும். இதை அப்படியே போய் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். அந்த அளவு காற்று இரண்டு மடிப்புத் துணி வழியாக அலுங்காமல் போய் வரும். அதனால்தான் தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்கும் வரை மாஸ்க் போட்டிருந்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. 1,500 மீட்டரின் கடைசிச் சுற்றில் நீ இழுத்து விடுவது நிமிடத்துக்கு 100 லிட்டர் பக்கம் வரும். நன்றாகப் பழகியவனுக்கு அதற்கும் மேலே போகும். துணி அதேதான், காற்று மட்டும் பத்துப் பதினைந்து மடங்கு. நாள் முழுக்க ஒவ்வொருவராகப் போய்வரும் கோயில் வாசலில் தேரோட்டத்தன்று எல்லாரும் ஒரேயடியாக நுழைந்தால் என்ன ஆகும்? அதேதான் உன் மூக்குக்கு முன்னால் நடக்கிறது. நெஞ்சுக்கூட்டுத் தசைகள் காற்றை இழுக்கக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. காலுக்குப் போக வேண்டிய பலத்தில் ஒரு பங்கு அங்கே செலவாகிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு பையனிடம் தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டேன். 2021 பிப்ரவரி. ஊரடங்குக்குப் பிறகு பள்ளிக்கூடம் அப்போதுதான் திறந்திருந்தது. பிளஸ் ஒன் பையன் ஒருவன், முந்தின வருடம் 1,500 மீட்டரை 5 நிமிடம் 5 விநாடியில் ஓடியவன். மாஸ்க் போட்டே ஓட வேண்டும் என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். ஓடி முடித்தான், ஸ்டாப்வாட்ச்சில் 5.31. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பத்து மாசமா வீட்ல மரச்சீனி தின்னு கெடந்தியாக்கும்” என்று எல்லார் முன்னாலும் ஏசினேன். அவன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, “இல்ல சார், துணி வாய்க்குள்ள போவுது” என்றான். சாக்குச் சொல்லாதே என்று அதற்கும் ஒரு ஏச்சு.

ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்பு மைதானத்துக்குப் போய், வீட்டுக்காரி பழைய வேட்டியில் தைத்துத் தந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நானே மெதுவாக ஓடிப் பார்த்தேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்று முடியும்போது மூக்குக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். மூன்றாவது சுற்றில் அந்த ஈரம் வாய் முழுக்கப் படர்ந்துவிட்டது. மூச்சை விட்டால் கண்ணாடி மங்குகிறது, இழுத்தால் துணி உள்ளே வந்து பல்லில் ஒட்டுகிறது. உப்புக் கரிக்கிறது. கரையில் எடுத்துப் போட்ட மீனின் செவுள் மாதிரி துணி படபடவென்று அடித்துக்கொண்டது. தாடைக்கு இழுத்துவிட்டதும் வந்த காற்று இருக்கிறதே, கீரிப்பாறைக் காட்டுக்குள் நின்றது போல இருந்தது. காய்ந்த துணியில் இழைக்கும் இழைக்கும் நடுவே காற்றுப் போக இடம் உண்டு, நனைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. நம் ஊர் கடலோரப் புழுக்கத்தில் அது பத்து நிமிடத்தில் நடந்துவிடுகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பையனை மாஸ்க் இல்லாமல் தனியாக ஓடவிட்டேன். 5.12. ஏழு விநாடிதான் ஊரடங்கின் கணக்கு, மிச்சமெல்லாம் மாஸ்க் கணக்கு. மன்னித்துக்கொள் என்று வாய் திறந்து கேட்கவில்லை, வாத்தியார்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் இதில் ஒரே பேச்சுப் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020-இல் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 14 பேரைக் களைத்து ஓயும் வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சர்ஜிக்கல் மாஸ்க், துணி மாஸ்க், வெறும் முகம், மூன்றிலும் செயல்திறனில் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் 12 ஆண்களைச் சோதித்தார்கள். என்-95 ரக மாஸ்க் போட்டபோது உடம்பு உச்சத்தில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் 13 சதவீதம் குறைந்தது. 2021-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 31 பேர் துணி மாஸ்க்கோடு டிரெட்மில்லில் ஓடினார்கள். தாக்குப்பிடித்த நேரம் 14 சதவீதம் குறைவு, உச்ச ஆக்சிஜன் 29 சதவீதம் குறைவு. வேகம் கூடக்கூட மூச்சு முட்டுகிறது, எங்கோ அடைத்து வைத்தது போல இருக்கிறது என்று ஓடியவர்கள் சொன்னார்கள். அந்தப் பதற்றத்திலேயே சிலர் சீக்கிரம் நிறுத்தியிருக்கலாம். எந்த மாஸ்க், எவ்வளவு இறுக்கம், சைக்கிளா ஓட்டமா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. உன் 30 விநாடி சுமார் 7 சதவீதம். நம்பக்கூடிய கணக்குத்தான்.

இனி தூசிக்கு வருவோம். துணி மாஸ்க் கண்ணுக்குத் தெரியும் மண்ணைத் தடுக்கும். லாரிப் புகையில் வரும் நுண்துகளை அது அவ்வளவாகத் தடுக்காது. அதைத் தடுக்கும் என்-95 போட்டால் உன்னால் அந்த வேகத்தில் ஓட முடியாது. டெல்லியில் 2017 டிசம்பரில் நடந்த டெஸ்ட் மேட்சில் இலங்கை வீரர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு ஃபீல்டிங் செய்ததும், ஆட்டத்தை நடுவில் நிறுத்தியதும் ஓர்மை இருக்கும். அவர்களுக்கு வேறு மைதானத்துக்குப் போக வழியில்லை, உனக்கு உண்டு. தக்கலையைச் சுற்றி சானல்கரை, அதாவது கால்வாய்க்கரை, எத்தனை கிடக்கிறது! பத்மநாபபுரம் பக்கம் போனால் லாரியே இல்லாத சாலைகள் உண்டு. வீட்டிலிருந்து மெதுவோட்டமாக மாஸ்க்கோடு போ. சானல்கரை வந்ததும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு நேரம் பார்த்து ஓடு. தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டருக்கு 7 நிமிடம். உன்னிடம் பத்து விநாடிதான் கையிருப்பு இருக்கிறது, அதைத் துணிக்குக் கொடுத்துவிடாதே.

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், புட்பால் பைத்தியம். காய்ச்சல் பரவுவதால் வகுப்பில் மாஸ்க் போடச் சொல்லியிருக்கிறார்கள், விளையாடும்போதும் கழற்றாமல் ஓடுகிறான். மாஸ்க் போட்டு ஓடினால் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து ஆக்சிஜன் குறைந்து விழுந்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், மார்த்தாண்டம்*

பாதி பயத்தை இறக்கி வையுங்கள் அம்மா. ஆக்சிஜனும் கரியமில வாயுவும் துணியின் கண்ணியைவிட எத்தனையோ மடங்கு சிறியவை. மீன் வலையில் கொசு மாட்டுமா? அந்த மாதிரிதான். ஆரோக்கியமான பிள்ளைக்கு மாஸ்க் போட்டு ஓடியதால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பது பேச்சுத்தான். நான் முன்னே சொன்ன கனடா ஆய்வில் ரத்த ஆக்சிஜனையும் பார்த்தார்கள், அதிலும் மாற்றம் இல்லை. கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்ப்பதற்கு வாங்கிய கிளிப் பல வீடுகளில் இன்னும் கிடக்கும். அவனை வீட்டு முற்றத்தில் மாஸ்க்கோடு பத்து நிமிடம் ஓடிச் சாடவிட்டு விரலில் மாட்டிப் பாருங்கள். 95-க்கு மேலேதான் காட்டும்.

வீடியோக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மையும் உண்டு. மாஸ்க்குக்கும் முகத்துக்கும் நடுவே இருக்கும் இடத்தில், விட்ட மூச்சு கொஞ்சம் தங்கும். அடுத்த மூச்சில் அதையும் சேர்த்தே இழுக்கிறோம். மூச்சு விடு, மூச்சு விடு என்று மூளை நம்மை விரட்டுவது பெரும்பாலும் கரியமில வாயுவைப் பார்த்துத்தான். அது ஒரு நூல் கூடினாலே மூச்சுத் தேவை அதிகமானதுபோல உடம்புக்குத் தோன்றும். பிள்ளைக்கு வெப்ராளம், அதாவது தவிப்பு, வருவது அதனால்தான். ஆக்சிஜன் அங்கேயேதான் இருக்கிறது.

2020 ஏப்ரலில் சீனாவில் உடற்பயிற்சி வகுப்பில் மாஸ்க்கோடு ஓடிய சிறுவர்கள் இறந்தார்கள் என்று செய்தி வந்தது, உங்கள் வீடியோவின் மூலம் அதுவாக இருக்கலாம். அந்தச் சாவுகளுக்கு மாஸ்க்தான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளைத் திடீரென்று ஓடவிட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் அங்கே சில ஊர்களில் அந்த வருடம் ஓட்டத் தேர்வையே நிறுத்தினார்கள்.

அப்படியானால் கழற்றலாமா என்று கேட்பீர்கள். கழற்றலாம். பிள்ளைகள் விளையாடும்போது மாஸ்க்கைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கொரோனா உச்சத்தில் இருந்த 2020-லேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லிவிட்டன. வியர்வையில் நனைந்தால் மூச்சு விடச் சிரமம், கிருமியும் சேரும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொன்ன காரணம். திறந்த மைதானத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டத்துக்கு இறங்குமுன் கழற்றிக் கவரில் போட்டு வைக்கட்டும், முடிந்ததும் முகம் கழுவிவிட்டு இன்னொன்று போட்டுக்கொள்ளட்டும். ஆகவே தினமும் இரண்டு கொடுத்து அனுப்புங்கள். நனைந்த ஒன்றையே சாயங்காலம் வரை போட்டிருக்கிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வாயைச் சுற்றிப் பரு வந்து நிற்பார்கள்.

இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையாக இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும்.

ஜிம் நண்பன் சொல்லி, வால்வு வைத்த கறுப்பு டிரெய்னிங் மாஸ்க் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். போட்டுப் பயிற்சி செய்தால் மலை மேல் பயிற்சி செய்த பலன் கிடைக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. உண்மையா சார்?
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

பார்ப்பதற்கு வில்லன் மாதிரி இருக்கும், செல்ஃபிக்குக் கொள்ளாம்.

மலை மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவதில்லை மக்களே. கன்னியாகுமரிக் கடற்கரையிலும் சுமார் 21 சதவீதம்தான், ஊட்டியிலும் அதேதான். குறைவது காற்றழுத்தம். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனின் அளவு குறையும். அங்கே வாரக்கணக்கில் தங்கி, தின்று, தூங்கினால், உடம்பு அதற்கு ஈடுகட்டச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். ஓட்டக்காரர்கள் மலைக்குப் போய் முகாம் போடுவது அதற்காகத்தான். உன் மாஸ்க் வால்வைத் திருகினால் துவாரம் சின்னதாகும், இழுப்பது கஷ்டமாகும். உள்ளே வருவது நாகர்கோவில் காற்றேதான், அழுத்தம் அப்படியே இருக்கிறது. அதுவும் ஜிம்மில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லா கிராஸ் வளாகத்தில் இதைச் சோதித்து 2016-இல் எழுதினார்கள். ஆறு வாரம் கடுமையான சைக்கிள் பயிற்சி, ஒரு கூட்டம் இந்த மாஸ்க்கோடு, இன்னொரு கூட்டம் சும்மா. இரண்டு கூட்டத்துக்கும் தெம்பு கூடியது, ஏறக்குறைய ஒரே மாதிரி. மலை மேல் இருப்பதுபோல எந்த மாற்றத்தையும் மாஸ்க் உண்டாக்கவில்லை. மூச்சுத் தசைகளுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும் சாமான் என்று வேண்டுமானால் சொல்லலாம் என்று முடித்தார்கள். பயன் தந்தது பயிற்சிதான்.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. அந்த மாஸ்க் போட்டால் முழு வேகத்தில் ஓடவோ முழு எடையைத் தூக்கவோ முடியாது. மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயிற்சி கடுமையாக நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தசை அரைவேலைதான் பார்த்திருக்கும். கடுமையாகத் தோன்றுவது வேறு, கடுமையாக உழைப்பது வேறு. கடியப்பட்டினம் பக்கம் பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களைப் போய்ப் பார். ஒரு மூச்சில் அடியில் போய், பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைக் கொத்திப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வால்வும் கிடையாது, பெட்டியும் கிடையாது. திருப்பி அனுப்பும் நாள் தாண்டவில்லை என்றால் அனுப்பிவிடு. அந்தக் காசில் ஒரு மாதத்துக்கு முட்டையும் மட்டிப் பழமும் ஆகும்.

வயது 67, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பேன். இந்தக் காய்ச்சல் காலத்தில் மாஸ்க்கோடு நடக்கலாமா?
*ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், சுசீந்திரம்*

நடக்கலாம் அண்ணாச்சி. நடைக்கு வேண்டிய காற்று ஓட்டத்துக்கு வேண்டியதைவிட ரொம்பக் குறைவு, சர்ஜிக்கல் மாஸ்க் உங்களைத் தடுக்காது. ஆனால் வயலோரத்தில் தனியாக நடக்கும்போது யாருக்காகப் போட்டுக்கொள்கிறீர்கள்? கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே நடப்பீர்கள் அல்லவா, அதில் ஒருவர் இருமினால் போட்டுக்கொள்ளுங்கள். நடை முடிந்து சாயாக்கடைக்குள் நெருக்கியடித்து உட்காருகிற அந்த அரைமணி நேரத்தில்தான் அது உண்மையில் வேண்டும், அங்கேதான் எல்லாரும் கழற்றுகிறோம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் மாஸ்க் மேல் பழி போட்டுவிட்டு நடையைத் தொடராதீர்கள். உட்காருங்கள், ஆளைக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வரும் சிவராத்திரிக்கு முதல் தடவையாகச் சிவாலய ஓட்டம் போகிறேன். போன வருடம் போன நண்பர்கள் எல்லாரும் தூசியில் தொண்டை கட்டி ஒரு வாரம் இருமினார்கள். மாஸ்க் போட்டு ஓடினால் தாக்குப்பிடிக்க முடியுமா?
*வாசகர், திருவட்டார்*

வெளியூர் வாசகர்களுக்கு இரண்டு வரி: மகா சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும்படி பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே தரிசிப்பது எங்கள் மாவட்டத்து வழக்கம். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வெறுங்கால், வாயில் “கோவிந்தா... கோபாலா...” எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது.

நானும் மூன்று தடவை போயிருக்கிறேன். கடைசித் தடவை திக்குறிச்சி தாண்டும் முன்பே காலில் கொப்புளம் வந்து, மிச்சத்தை நொண்டியே முடித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இது ஓட்டப்பந்தயம் இல்லை. ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டிய சமாச்சாரம். யாரும் உச்ச வேகத்தில் போவதில்லை, போனால் திருநந்திக்கரையில் படுத்துவிடுவார்கள். கோஷம் போட்டுக்கொண்டே ஓடும் வேகம்தான் சரியான வேகம். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்த்து வேகத்தை வைத்துக்கொள் என்று பயிற்சியாளர்கள் இன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஆட்கள் அதை வெகுகாலமாகக் கோவிந்தா போட்டுச் செய்கிறார்கள். கோபாலா சொல்ல மூச்சு வரவில்லையா, வேகம் கூடிவிட்டது, நட.

அந்த வேகத்துக்கு மாஸ்க் பெரிய தடை இல்லை. தடை ஈரம்தான். ஒவ்வொரு கோயிலிலும் குளத்தில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு ஓடுகிறோம். இடுப்பில் ஈரத்துணி இருந்தால் குளிர்ச்சி, மூக்கில் ஈரத்துணி இருந்தால் திணறல். முங்கும்போது கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டு, திரும்ப வந்து அதையே நனைந்த தாடியில் கட்டினால் பலன் ஒன்றுமில்லை. நான் பார்த்த வழி இது: இரண்டு ஜீப்பும் நூறு பைக்கும் கூடவே வரும் மண் சாலையில் மட்டும் மாஸ்க். தார்ச் சாலையிலும் ரப்பர் தோட்டத்து நிழலிலும் வேண்டாம். சின்ன பிளாஸ்டிக் கவரில் ஆறு சர்ஜிக்கல் மாஸ்க் எடுத்துக்கொள். நனைந்ததைக் குப்பைத் தொட்டியில் போடு, குளத்தில் வீசாதே. இருமலுக்குப் பாதிக் காரணம் தூசி, மீதிக் காரணம் வழிநெடுக யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக் குடிப்பது. பானகம், மோர், ஐஸ் போட்ட ரோஸ்மில்க், மறுபடி பானகம். தொண்டை என்ன ஆகும்?

மழையில் வெளியே ஆட முடியாமல் உள்ளரங்கத்தில் ஷட்டில் ஆடுகிறோம். எட்டுப் பெண்கள், ஒரே கோர்ட், ஜன்னல்களை மூடியிருப்பார்கள். ஒருத்தி இரண்டு நாளாக மூக்கை உறிஞ்சிக்கொண்டே வருகிறாள். நாங்கள் எல்லாரும் மாஸ்க் போட வேண்டுமா?
*வாசகி, குளச்சல்*

வந்த கேள்விகளிலேயே மாஸ்க் உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான். மூடிய அறை, வேகமான மூச்சு, அதில் ஒருவருக்குச் சளி. ஆனால் ஏழு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஆடுவதைவிட ஒருவர் மூன்று நாள் வீட்டில் இருப்பது எளிது. மூக்கை உறிஞ்சுகிறவரிடம் “அக்கா, சுக்குக் காப்பி குடிச்சிட்டு ரெஸ்ட் எடுங்க” என்று சொல்வதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, நாமெல்லாம் துணி கட்டிக்கொள்கிறோம்.

அடுத்தது ஜன்னல். ஷட்டில் காற்றில் விலகும் என்று மூடுகிறார்கள், தெரியும். ஆட்டத்துக்கு நடுவே பத்து நிமிடமாவது திறக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் போட வேண்டும் என்றால் சர்ஜிக்கல் மாஸ்க் போடுங்கள், சிங்கிள்ஸை விட்டு டபுள்ஸ் ஆடுங்கள், 21 புள்ளி ஆட்டத்தை 11-இல் நிறுத்தி ஈரமானதை மாற்றுங்கள். காத்திருக்கும்போது போட்டு, கோர்ட்டில் இறங்கும்போது கழற்றினாலும் பாதி வேலை ஆகும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-இல் செய்தது ஏறக்குறைய அதுதான். போட்டி, பயிற்சி, சாப்பாடு, தூக்கம் தவிர மற்ற நேரமெல்லாம் வீரர்கள் மாஸ்க் போட வேண்டும் என்பது விதி.

மாஸ்க் போட்டுக் கபடி பாடலாமா?
*கபடி வீரர், ஆரல்வாய்மொழி*

பாடலாம். நடுவருக்கு உன் பாட்டுக் கேட்காது, புள்ளி எதிரணிக்குப் போகும். ஆரல்வாய்மொழிக் காற்றில் மாஸ்க்கே முப்பந்தல் காற்றாலை வரைக்கும் பறந்துவிடும், பிறகென்ன கவலை.

சார், நீங்கள் இப்போது மாஸ்க் போடுகிறீர்களா?
*வாசகர், கருங்கல்*

சட்டைப் பையில் ஒன்று எப்போதும் கிடக்கும், பஸ் டிக்கெட்டோடு சேர்ந்து கசங்கி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் போடுவேன், காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனால் போடுவேன். டாரஸ் லாரி வந்தால் அதை எடுப்பதற்குள் லாரி போய்விடும், கைலேஞ்சியால் (கைக்குட்டைதான்) மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி. காலை ஓட்டத்தில் போடுவதில்லை. ஓட்டம் என்று சொல்வது கூட மரியாதைக்குத்தான், வேகமான நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் அந்த 5.31 பையனைப் பார்த்தேன். இப்போது பெயின்ட் வேலை பார்க்கிறான். முகத்தில் மாஸ்க், அதன் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. என்னைக் கண்டதும் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, “சார், ஸ்டாப்வாட்ச் கையில உண்டா?” என்றான்.